தொடர் வலிப்பில் கால்சியம் வழித்தடுப்பிக் கூட்டுச் சிகிச்சை

தொடர் வலிப்பு என்பது தானாக அடங்காமல் நீண்டுகொண்டே செல்லும் வலிப்பையோ, இடையில் நினைவு திரும்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வலிப்புகளையோ குறிக்கும். இது உடனடி மருத்துவம் தேவைப்படும் நரம்பியல் நெருக்கடி நிலையாகும். வலிப்பு நீள நீள அதனை நிறுத்துவது கடினமாகிறது. மூளையின் நரம்பணுக்கள் இறப்பதும் கூடுகிறது. நரம்பணுக்களின் இறப்பில், அவற்றுக்குள் அளவுக்கு மீறி நுழையும் கால்சியம் அயனிகளுக்கு முதன்மையான பங்கு உண்டு. எனவே, இதய நோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் கால்சியம் வழித்தடுப்பிகளை வலிப்படக்கி மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தால் பயன் கிட்டுமா என்னும் கேள்வி எழுந்தது.

இக்கூட்டுக்கு ஏற்கத்தக்க அறிவியல் அடிப்படை உண்டு. ஆயினும் மனிதரில் கிடைத்துள்ள சான்றுகள் மிகக் குறைவு. இதனால் இது வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. மற்ற மருந்துகள் பயனளிக்காதபோது தனி நோயாளர் சிலரில் முயன்று பார்க்கப்பட்ட முறையாகவே உள்ளது.

வரையறை

பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. முன்னர் 30 நிமிடங்களுக்கு மேல் நீடித்த வலிப்பே தொடர் வலிப்பு எனக் கொள்ளப்பட்டது. ஆனால் 5 நிமிடங்களைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு என்பதால், சிகிச்சையைத் தொடங்க 30 நிமிடங்கள் காத்திருப்பது தவறு என்பது பின்னர் உணரப்பட்டது.

கால்-கை வலிப்பு எதிர்ப்புப் பன்னாட்டுக் கழகம் 2015 இல் வெளியிட்ட வரையறை இரண்டு கால எல்லைகளைக் கொண்டது. முதலாவது, சிகிச்சையைத் தொடங்க வேண்டிய நேரம். இரண்டாவது, நெடுங்காலப் பாதிப்புகள் ஏற்படக்கூடிய நேரம். உடல் முழுவதும் விறைத்து வெட்டி இழுக்கும் வலிப்புக்கு இவை முறையே 5 நிமிடங்கள், 30 நிமிடங்கள் ஆகும். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கி நினைவு மங்கும் வலிப்புக்கு இவை 10 நிமிடங்கள், 60 நிமிடங்களுக்கு மேல் என வகுக்கப்பட்டுள்ளன.

மருந்துக்குக் கட்டுப்படும் தன்மையைக் கொண்டும் தொடர் வலிப்பு பிரிக்கப்படுகிறது.

முதல்நிலை மருந்துக்கும் இரண்டாம்நிலை மருந்துக்கும் அடங்காதது கட்டுப்படாத் தொடர் வலிப்பு எனப்படும். தொடர் வலிப்பு நோயாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்நிலையை அடைகின்றனர்.

மயக்க மருந்து தொடங்கி 24 மணி நேரம் கடந்த பின்னும் நீடிப்பது, அல்லது மயக்க மருந்தைக் குறைக்கும்போது மீண்டும் வருவது, மீகட்டுப்படாத் தொடர் வலிப்பு எனப்படும்.

கால்சியம் வழித்தடுப்பிகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் இவ்விரு நிலைகளைச் சார்ந்தே எழுகிறது.

வரலாறு

வலிப்புக்குப் பயன்பட்ட முதல் பயனுள்ள மருந்து புரோமைடு ஆகும். இதனை 1857 இல் இங்கிலாந்து மருத்துவர் சார்லசு லோக்காக் அறிவித்தார். 1912 இல் ஃபீனோபார்பிட்டோனும், 1938 இல் ஃபெனிட்டாயினும் வலிப்புக்கு அறிமுகமாயின. 1962 இல் பிரான்சின் மார்செய் நகரில் நடந்த கருத்தரங்கு தொடர் வலிப்பைத் தனியாக ஆராய்ந்தது. 1960களின் நடுப்பகுதியில் நரம்புவழி செலுத்தப்பட்ட டையசெப்பாம் இதன் சிகிச்சையை மாற்றியமைத்தது.

கால்சியம் வழித்தடுப்பிகளின் வரலாறு இதயத்தில் தொடங்குகிறது. செருமனியின் பிரைபர்க் நகரில் பணியாற்றிய உடலியங்கியலாளர் ஆல்பிரெக்ட் பிளெக்கென்சுடைன், வெராபமில் போன்ற மருந்துகள் இதயத் தசையின் சுருக்கத்தைக் குறைப்பதை 1960களில் ஆராய்ந்தார். கால்சியம் அகற்றப்பட்ட கரைசலில் வைத்த தசையும் அதே போல நடந்துகொண்டது. இம்மருந்துகள் கால்சியத்தின் வேலையைத் தடுக்கின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். கால்சியம் அயனிகள் செல்லும் வழிகள் நரம்பணுக்களிலும் இருப்பதால், இம்மருந்துகளின் பயன் இதயத்தோடு நின்றுவிடுமா என்னும் ஆய்வு பின்னர் நரம்பியலுக்கும் பரவியது.

நரம்பணுவில் கால்சியம்

நரம்பணுவுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு உள்ளே உள்ளதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு ஆகும். இந்த வேறுபாட்டைப் பேணுவதற்கு நரம்பணு ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகிறது. உள்ளே கால்சியம் குறைவாக இருப்பதனாலேயே, சிறிதளவு நுழைந்தாலும் அது ஒரு சைகையாகச் செயல்பட முடிகிறது.

கால்சியம் நுழையும் வழிகள் பல. மென்சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது திறப்பவை ஒரு வகை. நரம்புக் கடத்தி வந்து ஒட்டும்போது திறப்பவை மற்றொரு வகை. முதல் வகையில் பின்வருவன அடங்கும்.

எல் வகை: நரம்பணுவின் உடலிலும் கிளைகளிலும் மிகுதியாக உள்ளது. இதயத் தசையிலும் குருதிக்குழாய்ச் சுவரிலும் உள்ளது. வெராபமில், நிஃபெடிபின் போன்ற மருந்துகள் செயல்படும் இடம் இதுவே.

என் வகை, பி/கியூ வகை: நரம்பு முனைகளில் உள்ளன. இவற்றின் வழியே நுழையும் கால்சியமே நரம்புக் கடத்திகளை வெளியிடச் செய்கிறது.

டி வகை: மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பகுதியில் மிகுந்துள்ளது. சிறு மின்னழுத்த மாற்றத்துக்கே திறக்கும். குழந்தைகள் சில நொடிகள் நினைவற்று வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பில் இதற்குப் பங்கு உண்டு.

இரண்டாம் வகையில் முதன்மையானது, குளூட்டமேட் என்னும் கிளர்த்தும் கடத்தியால் திறக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பி ஆகும். வலிப்பின்போது குளூட்டமேட் பெருமளவில் வெளியாவதால், இவ்வேற்பி வழியாகவும் கால்சியம் மிகுதியாக நுழைகிறது. வழக்கமான கால்சியம் வழித்தடுப்பிகள் இந்த வழியை அடைப்பதில்லை என்பது கருதத்தக்கது.

வலிப்பு நீளும்போது நிகழ்வன

மூளையில் காபா என்னும் கடத்தி நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்குகிறது. லோரசெப்பாம், மிடாசொலம், டையசெப்பாம் ஆகியன காபா ஏற்பியின் செயலைப் பெருக்கி வலிப்பை நிறுத்துகின்றன. ஆனால் வலிப்பு தொடரும்போது, நரம்பிணைப்பில் உள்ள காபா ஏற்பிகளில் ஒரு பகுதி மென்சவ்விலிருந்து நரம்பணுவுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இது விலங்குகளில் செய்த ஆய்வுகளால் 2005 இல் காட்டப்பட்டது. அதே வேளையில் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் மென்சவ்வின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. அடக்கும் ஏற்பிகள் குறைய, கிளர்த்தும் ஏற்பிகள் கூடுகின்றன. தொடக்கத்தில் கேட்கும் மருந்து, அரை மணி நேரம் கழித்துக் கேட்காமற் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

நரம்பணுவுக்குள் நுழைந்த மிகைக் கால்சியம் புரதங்களைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. இழைமணிகளில் குவிந்து ஆற்றல் ஆக்கத்தைக் குலைக்கிறது. தீங்கான ஆக்சிசன் மூலக்கூறுகள் உருவாகின்றன. இவற்றின் முடிவில் நரம்பணு இறக்கிறது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதி இவ்வகையில் எளிதில் பாதிக்கப்படுகிறது.

இப்பாதிப்பு மூச்சுத் திணறல், உயர்ந்த உடல் வெப்பம் ஆகியவற்றால் மட்டுமே ஏற்படுவதன்று. பிரையன் மெல்ட்ரமும் உடன் ஆய்வாளர்களும் 1973 இல் பபூன் குரங்குகளில் செய்த சோதனைகள் இதனைக் காட்டின. தசைகளைச் செயலிழக்கச் செய்து, செயற்கை மூச்சளித்து, உடல் நிலையைச் சீராக வைத்திருந்தபோதும் மூளையில் வலிப்பு மின்னலைகள் நீடித்த குரங்குகளின் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்கள் இறந்தன. எனவே உடலின் ஆட்டத்தை நிறுத்துவது மட்டும் போதாது. மூளையின் மின்செயல்பாட்டையும் நிறுத்த வேண்டும் என்னும் கொள்கை உறுதிப்பட்டது.

குருதியில் கால்சியம் குறைவதும் வலிப்பும்

கால்சியத்தைத் தடுத்தால் வலிப்பு குறையுமெனில், குருதியில் கால்சியம் குறைந்தவர்களுக்கு வலிப்பு வருவது ஏன் என்னும் ஐயம் எழலாம். இவை இரண்டும் வெவ்வேறு இடங்களில் நிகழ்பவை. நரம்பணுவுக்கு வெளியே கால்சியம் குறையும்போது, மென்சவ்வில் உள்ள சோடியம் வழிகள் சிறு தூண்டலுக்கே திறந்துகொள்கின்றன. அதனால் நரம்பணு எளிதில் கிளர்ச்சியடைகிறது. கால்சியம் வழித்தடுப்பிகளோ குருதியின் கால்சிய அளவைக் குறைப்பதில்லை. நரம்பணுவுக்குள் நுழையும் வாயில் ஒன்றை மட்டும் அடைக்கின்றன. கால்சியக் குறைவால் வந்த வலிப்புக்குக் கால்சியத்தை நரம்புவழி ஏற்றுவதே சிகிச்சை ஆகும்.

கால்சியம் வழித்தடுப்பிகள்

வலிப்பு தொடர்பாக ஆராயப்பட்டவற்றுள் முதன்மையானவை மூன்று.

வெராபமில்: இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பது. சில வகை மிகைத் துடிப்புகளுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

நிமோடிபின்: மூளைக்குள் நன்கு புகக்கூடியது. மூளையுறைகளுக்கிடையே குருதி கசிந்த நோயாளர்களுக்கு, பின்விளைவுகளைக் குறைப்பதற்காக 21 நாட்கள் வரை கொடுக்கப்படுகிறது.

ஃபுளுனரிசின்: பல வகைக் கால்சியம் வழிகளைத் தடுப்பது. ஒற்றைத் தலைவலியைத் தடுக்கப் பயன்படுகிறது. உடலை விட்டு நீங்க வாரக்கணக்கில் ஆகும்.

வலிப்படக்கிகளுக்கும் கால்சியம் வழித்தடுப்பிகளுக்கும் இடையே உள்ள எல்லை முற்றிலும் தெளிவானதன்று. வெறித்துப் பார்க்கும் வகை வலிப்புக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் எதோசக்சிமைடு, டி வகை வழியைத் தடுத்தே செயல்படுகிறது. கபாபென்டின், பிரீகபாலின் ஆகியன கால்சியம் வழியின் துணைப் புரதமொன்றில் ஒட்டுகின்றன. ஆயினும் 'கால்சியம் வழித்தடுப்பி' என்னும் பெயர் வழக்கில் இதய, குருதிக்குழாய் மருந்துகளையே குறிக்கிறது.

கூட்டுவதற்கான காரணங்கள்

இரண்டு தனித்தனிக் காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன.

கால்சிய நுழைவைக் குறைத்தல்

வலிப்படக்கி மருந்து கிளர்ச்சியைக் குறைக்க, கால்சியம் வழித்தடுப்பி நரம்பணுக்களின் இறப்பைக் குறைக்கும் என்பது முதல் எதிர்பார்ப்பு. ஒரே குறியை இரு மருந்துகளால் தாக்குவதைவிட, வெவ்வேறு குறிகளைத் தாக்குவது மேலானது என்னும் பொதுக் கருத்தும் இதற்கு ஆதரவாக உள்ளது.

வலிப்படக்கியை மூளைக்குள் தங்கவைத்தல்

குருதியிலிருந்து மூளைக்குள் எல்லாப் பொருட்களும் நுழைவதில்லை. குருதி-மூளைத் தடுப்பு என்னும் அமைப்பு அவற்றை வடிகட்டுகிறது. அத்தடுப்பில் உள்ள பி-கிளைக்கோபுரதம், உள்ளே புகுந்த அயற்பொருட்களை மீண்டும் குருதிக்குள் வெளியேற்றும் ஓர் எக்கி ஆகும். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளர்களிடமிருந்து அறுவை மூலம் அகற்றப்பட்ட மூளைத் திசுவில், இப்புரதத்துக்கான மரபணுவின் செயல்பாடு மிகுந்திருப்பதை 1995 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வலிப்பும் இவ்வெக்கியின் அளவைக் கூட்டுவதாக விலங்கு ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அவ்வாறாயின், குருதியில் மருந்து போதிய அளவு இருந்தும் மூளையில் குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

வெராபமில் இந்த எக்கியையும் தடுக்கிறது. 2001 இல் செருமானிய ஆய்வாளர்கள் எலிகளின் மூளைப் புறணியில் வெராபமிலை நேரடியாகச் செலுத்தியபோது, அங்கு ஃபெனிட்டாயினின் அளவு உயர்ந்தது. கால்சியம் வழித்தடுப்பிகளுள் வெராபமில் மட்டும் வலிப்பு ஆய்வுகளில் தனிக் கவனம் பெற்றதற்கு இந்த இரட்டைச் செயலே காரணம்.

சான்றுகள்

தனி நோயாளர் அறிக்கைகள்

2004 இல், மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு கொண்ட 24 வயதுப் பெண் ஒருவருக்கு வெராபமில் சேர்த்ததில் வலிப்பு குறைந்ததாக ஓர் அறிக்கை வெளியானது. 2005 இல் உரோமைச் சேர்ந்த மருத்துவர்கள், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காமல் நீண்ட தொடர் வலிப்பு கொண்ட 11 வயதுக் குழந்தை ஒருவருக்கு வெராபமில் சேர்த்தபின் வலிப்பு அடங்கியதாக அறிவித்தனர். 2010 இலும் மீண்டும் மீண்டும் தொடர் வலிப்பு வந்த நோயாளர் ஒருவரைப் பற்றிய இத்தகைய அறிக்கை வெளியானது.

இவை நம்பிக்கை அளிப்பன. ஆனால் நிறுவுவன அல்ல. தொடர் வலிப்பு நோயாளருக்கு ஒரே நேரத்தில் பல மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அடிப்படை நோயும் தன் போக்கில் தணியக்கூடும். கடைசியாகச் சேர்க்கப்பட்ட மருந்துக்குப் புகழ் சேர்வது இயல்பு. மேலும், பலன் தந்த நிகழ்வுகள் எழுதப்படுகின்றன. பலன் தராதவை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

விலங்குகளில் எதிர்மறை முடிவு

நாய்களுக்கும் மனிதரைப் போலவே இயற்கையாக வலிப்பு நோய் வருவதுண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு கொண்ட நாய்களுக்கு வெராபமிலைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வொன்று 2011 இல் வெளியானது. அதில் பயன் ஏதும் காணப்படவில்லை. சில நாய்களில் வலிப்பு மோசமடைந்தது.

கட்டுப்படா வலிப்பு நோயில் சோதனைகள்

ஃபுளுனரிசின், நிமோடிபின், நிஃபெடிபின் ஆகியவற்றை வலிப்படக்கிகளுடன் சேர்த்துக் கொடுத்த சமவாய்ப்புச் சோதனைகளைக் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2001 இல் தொகுத்துப் பார்த்தது. ஃபுளுனரிசினுக்குச் சிறிதளவு பயன் இருக்கலாம் என்றும், ஆனால் பலர் அம்மருந்தை இடையில் நிறுத்திவிட்டனர் என்றும் அது கண்டது. மற்ற இரண்டுக்கும் நம்பத்தக்க சான்று இல்லை. எனவே இவற்றைத் துணை மருந்தாகப் பரிந்துரைக்க இயலாது என்பது அதன் முடிவு. இச்சோதனைகள் நாட்பட்ட வலிப்பு நோயில் செய்யப்பட்டவை. தொடர் வலிப்பில் செய்யப்பட்டவை அல்ல.

சூல்வலிப்பு: ஒரு நேரடி ஒப்பீடு

கருவுற்ற பெண்களுக்கு உயர் இரத்த அழுத்தத்துடன் வரும் வலிப்பு சூல்வலிப்பு எனப்படும். 1995 இல் வெளியான பன்னாட்டுச் சோதனை, சூல்வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் மக்னீசியம் சல்பேட்டு, டையசெப்பாம், ஃபெனிட்டாயின் ஆகிய இரண்டையும்விட மேலானது என நிறுவியது. மக்னீசியம், என்.எம்.டி.ஏ. ஏற்பியின் வழியை அடைக்கும் இயல்புடையது. கால்சியத்தின் இயற்கையான எதிர்ப்பொருளாகவும் விளங்குகிறது.

இதன்பின், மூளைக்குள் நன்கு புகும் கால்சியம் வழித்தடுப்பியான நிமோடிபின் இதே பணியைச் செய்யுமா என ஆராயப்பட்டது. கடுமையான முன்சூல்வலிப்பு கொண்ட 1,650 பெண்களில் செய்யப்பட்ட அச்சோதனையின் முடிவு 2003 இல் வெளிவந்தது. மக்னீசியம் பெற்றவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும், நிமோடிபின் பெற்றவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கும் வலிப்பு வந்தது. சூல்வலிப்பு மற்ற வலிப்புகளிலிருந்து வேறுபட்டது. இச்சோதனையும் வலிப்பைத் தடுப்பது பற்றியதே. எனினும், எல் வகை வழியை அடைப்பது மட்டும் வலிப்பைத் தடுக்கப் போதுமானதன்று என்பதை இது பெரிய அளவில் காட்டியது.

பயன் குறைவாக இருப்பதற்கான காரணங்கள்

கோட்பாட்டுக்கும் சான்றுக்கும் இடையே உள்ள இடைவெளிக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தொடர் வலிப்பில் நுழையும் கால்சியத்தில் பெரும்பகுதி என்.எம்.டி.ஏ. ஏற்பி வழியாக வருகிறது. ஒரு வாயிலை அடைத்தாலும் மற்றவை திறந்தே உள்ளன. வெராபமில், தானே பி-கிளைக்கோபுரதத்தால் வெளியேற்றப்படுவதால், மூளைக்குள் போதிய அளவு சேர்வதில்லை. அளவைக் கூட்டினால் மூளைக்கு முன்பாக இதயம் பாதிக்கப்படும். மேலும், எல்லா வலிப்படக்கிகளும் மனிதரில் அந்த எக்கியால் வெளியேற்றப்படுவன அல்ல.

இடைவினைகளும் ஆபத்துகளும்

இவ்விரு மருந்து வகைகளும் கல்லீரலில் ஒரே நொதித் தொகுதியால் சிதைக்கப்படுவதால், ஒன்று மற்றொன்றின் அளவை மாற்றுகிறது.

வெராபமில், டில்டியாசெம் ஆகியன கார்பமசெப்பினின் சிதைவைத் தடுத்து, அதன் அளவை உயர்த்துகின்றன. வெராபமில் தொடங்கிய சில நாட்களுக்குள் 6 நோயாளர்களுக்குத் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் போன்ற நச்சு விளைவுகள் தோன்றியதாக 1986 இல் அறிவிக்கப்பட்டது.

இவ்விரு மருந்துகளும் மிடாசொலத்தின் அளவையும் உயர்த்தக்கூடியவை. அதனால் மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் நீடிக்கலாம்.

ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெப்பின் ஆகியன நொதிகளைத் தூண்டி, நிமோடிபின், நிஃபெடிபின், வெராபமில் ஆகியவற்றின் அளவை வெகுவாகக் குறைக்கின்றன. இதனால் வழித்தடுப்பி கொடுத்தும் கொடுக்காதது போலாகலாம். வால்ப்ரோயேட்டு இதற்கு மாறாக நிமோடிபினின் அளவைக் கூட்டுகிறது.

இவற்றினும் உடனடியானது இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வரும் ஆபத்து. நரம்புவழி செலுத்தப்படும் ஃபெனிட்டாயின் இரத்த அழுத்தத்தைக் குறைத்து, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. ஆகவே அது நிமிடத்துக்கு 50 மி.கி.-க்கு மேற்படாத வேகத்தில் செலுத்தப்படுகிறது. மயக்க மருந்துகளான புரோப்போஃபால், தயோபென்டோன் ஆகியனவும் அழுத்தத்தைக் குறைப்பவை. இவற்றின்மேல் வெராபமிலைச் சேர்த்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழலாம். துடிப்பு மிக மெதுவாகலாம். ஓய்வின்றிச் செயல்படும் மூளைக்கு மிகுதியான குருதி தேவைப்படும் வேளையில், அழுத்தம் வீழ்வது காக்க நினைத்த நரம்பணுக்களையே அழிப்பதாக முடியும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நரம்புவழி வெராபமில் தவிர்க்கப்படுகிறது.

நிறுவப்பட்ட சிகிச்சை முறை

தொடர் வலிப்பில் எந்த மருந்து என்பதைவிட, எவ்வளவு விரைவாக, எவ்வளவு நிறைவான அளவில் என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

முதல் 5 நிமிடங்கள்: மூச்சுப்பாதையைக் காத்தல், ஆக்சிசன் அளித்தல், குருதிச் சர்க்கரையை அளத்தல் ஆகியன செய்யப்படுகின்றன. சர்க்கரை குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வதே சிகிச்சையாகும்.

5 முதல் 20 நிமிடங்கள்: லோரசெப்பாம் அல்லது டையசெப்பாம் நரம்புவழியும், மிடாசொலம் தசைவழியும் கொடுக்கப்படுகின்றன. மருத்துவமனையை அடையும் முன்பே மருந்து கொடுப்பதை ஒப்பிட்ட 2012 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சோதனையில், தசைவழி மிடாசொலம் பெற்றவர்களில் 73.4 விழுக்காட்டினருக்கும், நரம்புவழி லோரசெப்பாம் பெற்றவர்களில் 63.4 விழுக்காட்டினருக்கும் மருத்துவமனையை அடையும் முன் வலிப்பு நின்றிருந்தது. அசையும் உடலில் நரம்பைத் தேடுவதில் இழக்கும் நேரம் தசை ஊசியில் மிச்சமானது.

20 முதல் 40 நிமிடங்கள்: லெவெடிராசிட்டம், ஃபாசுஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட்டு ஆகியவற்றுள் ஒன்று கொடுக்கப்படுகிறது. 2019 இல் வெளியான சோதனையில் இம்மூன்றும் முறையே 47, 45, 46 விழுக்காட்டினரில் பயனளித்தன. அதாவது மூன்றும் ஏறத்தாழ ஒரே திறனுடையவை. எதுவும் பாதிப் பேருக்கு மேல் பயன்படவில்லை.

அதற்குப் பின்: தீவிர சிகிச்சைப் பிரிவில், செயற்கை மூச்சுடனும் மூளை மின்னலைக் கண்காணிப்புடனும் மிடாசொலம், புரோப்போஃபால், தயோபென்டோன் போன்றவை தொடர்ந்து செலுத்தப்படுகின்றன. மூளை அழற்சி, தொற்று, குருதிக்கசிவு, நஞ்சு, மருந்தைத் திடீரென நிறுத்தியமை போன்ற அடிப்படைக் காரணங்கள் தேடப்படுகின்றன.

இந்த வரிசையில் கால்சியம் வழித்தடுப்பிகளுக்கு இடம் அளிக்கப்படவில்லை.

பிற கூட்டுகள்

கால்சியம் வழித்தடுப்பிகளின் தேக்கம், கூட்டுச் சிகிச்சை என்னும் கருத்தின் முடிவன்று. என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தடுக்கும் கீட்டமின் மீது இன்று மிகுந்த கவனம் குவிந்துள்ளது. மிடாசொலம், கீட்டமின், வால்ப்ரோயேட்டு ஆகிய மூன்றையும் ஒருங்கே கொடுத்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட எலிகளின் தொடர் வலிப்பு நன்கு அடங்கியது. கால்சியம் பெருமளவில் நுழையும் வாயிலையே கீட்டமின் அடைப்பதால், கால்சியத்தைத் தடுத்து நரம்பணுவைக் காத்தல் என்னும் பழைய எண்ணம் வேறொரு வழியில் தொடர்கிறது எனலாம்.

எனினும் கூட்டு எப்போதும் மேலானதன்று. பிரான்சில் மருத்துவமனைக்கு வெளியே செய்யப்பட்டு 2016 இல் வெளியான சோதனை ஒன்றில், குளோனசெப்பாமுடன் லெவெடிராசிட்டம் சேர்க்கப்பட்டவர்களில் 74 விழுக்காட்டினருக்கும், குளோனசெப்பாமுடன் வெற்று மருந்து பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கும் 15 நிமிடங்களில் வலிப்பு நின்றது. தொடக்கத்திலேயே இரண்டு மருந்து கொடுத்ததால் கூடுதல் பயன் கிட்டவில்லை.

முதலுதவி

தொடர் வலிப்பைத் தவிர்ப்பதில் அருகில் இருப்பவருக்கும் பங்கு உண்டு. வலிப்பு தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, தலைக்கடியில் மென்மையான துணியை வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கவோ, தண்ணீர் புகட்டவோ, கைகால்களை அழுத்திப் பிடிக்கவோ கூடாது. கையில் சாவியையோ இரும்பையோ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாக நிற்பதனாலேயே இரும்பால் நின்றதாகத் தோன்றுகிறது. வலிப்பு 5 நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வலிப்படக்கி மருந்தைத் தானாக நிறுத்துவது தொடர் வலிப்புக்குப் பொதுவான காரணங்களுள் ஒன்றாகும். வலிப்பு நோயாளர் ஒருவருக்கு இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ கால்சியம் வழித்தடுப்பி எழுதப்படும்போது, அவர் உட்கொள்ளும் வலிப்படக்கியின் பெயரை அம்மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

கால்-கை வலிப்பு
நரம்பணு
குருதி-மூளைத் தடுப்பு
சூல்வலிப்பு
உயர் இரத்த அழுத்தம்
முதலுதவி